ஏகாதசி ஏன் நாள் மாறுகிறது?

ஈரோடு கோட்டை கஸ்தூரி அரங்கநாதர் கோயிலில் சொர்க்கவாசல் திறக்கும் வைகுண்ட ஏகாதசி, 2024-ஆம் ஆண்டில் வரவே இல்லை. 2025-இலோ ஜனவரி 10, டிசம்பர் 30 என இருமுறை வந்தது!

வைகுண்ட ஏகாதசி வரும் மார்கழி சூரியக் கணக்கு; ஏகாதசி நிலவின் கணக்கு. பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டினால் 354 நாள்தான். சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. அதனால்தான் பவானி கூடுதுறையில் ஆடிப்பெருக்கு என்றும் ஆடி 18-இல் நிற்க, ஆடி அமாவாசை மட்டும் முன்பின்னாக நகர்கிறது. திதி எனும் சந்திர நாளும் ஒரே அளவல்ல. ஏறத்தாழ 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை போகும். நம் முன்னோர் இதை நுணுக்கமாகக் கணித்து வைத்தது பெரிய காரியம்.

ஆகவே, ஏகாதசி விரதம் இருப்பவர்களே, திதி நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே விரதம் இருங்கள்.