டேப்பைப் பெட்டியோடு கொண்டுவாருங்கள்

 

நம் சங்கத்து அலமாரியில் கிடந்த ஸ்பூல் டேப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலையை நாங்கள் சிலர் கடை அடைத்த பிறகு செய்துவருகிறோம். மீலாது விழாப் பேச்சு, பைத்து, பிள்ளைகளின் நாடகம் என்று கலந்து கிடக்கின்றன. பாலிடெக்னிக்கில் படித்தது கல்லாவில் உதவியதோ இல்லையோ, இதற்கு உதவுகிறது.

முதலில் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஸ்பூல் டேப் இருந்தால், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று மெஷினில் மாட்டிவிடாதீர்கள். பிளாஸ்டிக் பட்டையில் காந்தத் தூளை ஒட்டவைத்திருப்பது ஒரு பசை. 1970-களிலும் 80-களிலும் தயாரான சில ரக நாடாக்களில் அந்தப் பசை சிங்கப்பூரின் ஈரக்காற்றில் இளகிவிடுகிறது. ஓட்டினால் கீச்சிடும், தூள் உரிந்து மெஷினில் ஒட்டிக்கொள்ளும். குரல் இருப்பதே அந்தத் தூளில்தான். இப்படிப்பட்டதைச் சுமார் 54 டிகிரி சூட்டில் 8 மணி நேரம் உலர்த்தினால் சில வாரங்களுக்கு ஓடும். அதற்குள் பதிந்துவிட வேண்டும். அதற்கு முந்திய அசிடேட் நாடாவுக்கோ சூடே ஆகாது. சுருளின் தட்டைப் பக்கத்தை விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். சிலவற்றில் வினிகர் வாடையும் அடிக்கும். ஆகவே வீட்டு அடுப்பில் வைக்கும் யோசனை யாருக்கும் வேண்டாம்!

ஏழு அங்குலச் சுருளில் வழக்கமாக 1,200 அடி நாடா இருக்கும். விநாடிக்கு 7½ அங்குலம் ஓடினால் 32 நிமிடம். அத்தனை நேரமும் கூடவே உட்கார்ந்து கேட்கிறோம். நாடாவை மிச்சம் பிடிக்க அந்தக் காலத்தில் இரு பக்கமும் பதிவார்கள். பொருந்தாத மெஷினில் போட்டால், சொற்பொழிவுக்கு அடியில் இன்னொருவர் பின்னோக்கிப் பேசுவது கேட்கும். ஜின் இல்லை, மறுபக்கத்துப் பதிவு!

மூலத்தை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக வைக்கிறோம். இரைச்சல் நீக்கிய பிரதி தனி. மூலத்தில் கை வைப்பதில்லை. குழந்தை அழுவதும் மழை கொட்டுவதும் அதில் அப்படியே இருக்கட்டும்.

ஆனால் பேசுவது யார் என்று எந்த மெஷினும் சொல்லாது. பெட்டியில் "கூட்டம், பக்கம் 2" என்றுதான் இருக்கிறது. எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியவில்லை. எண்பதை எட்டிய மாமா ஒருவர் இரண்டு சொல்லிலேயே ஆளைச் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். டேப்பாவது அலமாரியில் இன்னும் கொஞ்ச நாள் கிடக்கும்.

ஆகவே உங்கள் அத்தாவை, நன்னாவைக் கேட்க அழைத்துவாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு நாங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுக் காட்டுகிறோம். பெண்கள் பக்கத்துக் குரல்களை அடையாளம் காட்டப் பாட்டிமார்களும் வேண்டும். டேப் இருந்தால் அட்டைப் பெட்டியோடு தாருங்கள். அதில் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் துடைத்துவிடாதீர்கள்.