பிள்ளைகளை எந்தத் தடாகத்தில் விடுவது?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)





நூற்றாண்டு விழாவில் நீச்சலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தார்கள். யோசித்துப் பாருங்கள். நமக்குக் கிழக்கே கடல். மேற்கே வயலும் வாய்க்காலும். தண்ணீருக்கு நடுவே வளர்ந்த நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? எனக்குத் தெரியாது. சின்ன வயதில் காக்காமாரோடு ஆற்றங்கரைக்குப் போவேன். அவர்கள் நீந்தப் பழகினார்கள். நான் கரையில் இருந்து அவர்களுடைய உடுப்புக்குக் காவல் இருந்தேன். பன்னிரண்டு வயதானதும் அந்தப் பயணமும் நின்றுவிட்டது.

2004 டிசம்பர் 26ஐ நாம் மறக்கவில்லை. இந்த நாட்டில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம்தான். ஆண்களைவிடப் பெண்களே அதிகமாகப் போனார்கள். பிள்ளைகளைத் தேடி நின்றார்கள், நீந்தத் தெரியவில்லை, உடுப்பும் காலைக் கட்டியது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு வெள்ளத்தில் அள்ளுண்ட மத்ரசாப் பிள்ளைகளையும் மறக்க முடியாது. அப்படியான வெள்ளத்தில் நீச்சல் தெரிந்தாலும் தப்புவது கஷ்டம். எந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் படிப்பதுதான் நீச்சல் படிப்பு.

இப்போது பல இடங்களில் தடாகங்கள் வந்துவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சிமாருடைய பிள்ளைகள் கோடை விடுமுறையில் நீச்சல் அணிகளில் சேர்கிறார்கள். “எதில் சேர்ப்பது?” என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

முதலில் வீட்டுக்குக் கிட்ட உள்ளதைப் பாருங்கள். மாதம் ஒரு தடவை போகும் பெரிய தடாகத்தைவிட, வாரம் இரண்டு தடவை போகக்கூடிய சின்னத் தடாகம் மேல். பணம் கட்டுமுன் ஒருநாள் போய்க் கரையில் இருந்து பாருங்கள். ஆழமான பக்கத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரிய வேண்டும். குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது அழுக்கோடு சேர்ந்த குளோரினின் நெடி. கற்பிப்பவர் வேறு, காவலுக்கு நிற்பவர் வேறாக இருக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை கத்தாது, சத்தமில்லாமல் போய்விடும். காவலில் நிற்பவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இடம் வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னும் மூன்று கேள்விகள் உண்டு. பெண் பயிற்றுவிப்பாளர் இருக்கிறாரா? பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா? முழு நீச்சல் உடையை அனுமதிக்கிறார்களா? நமது பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை வருவதால், மற்றப் பாடசாலைகளின் விடுமுறைக்கு வைக்கும் வகுப்புகள் நமக்குப் பொருந்தாமல் போகலாம். அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அணி, பதக்கம் எல்லாம் பிறகு. பங்களாதேஷில் கிராமத்துக் குளங்களில் மூங்கில் தட்டிகள் கட்டிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கிறார்கள். அங்கே அவர்கள் பார்ப்பது, பிள்ளை 25 மீற்றர் நீந்துமா, 30 விநாடி மிதக்குமா என்பதைத்தான். உங்கள் பிள்ளையிடமும் முதலில் அதையே எதிர்பாருங்கள். ஒருநாள் பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் நிற்க, பாடசாலைச் சீருடையோடும் மிதக்கப் பழகட்டும். வெள்ளம் வரும்போது யாரும் உடை மாற்றிக்கொண்டு நிற்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பன்னிரண்டு வயதில் நிறுத்திவிடாதீர்கள். வெட்கத்துக்கும் மார்க்கத்துக்கும் இடம் கொடுக்கும் தடாகத்தைத் தேர்ந்தால், நிறுத்த வேண்டிய தேவையே வராது. 2018இல் அறுகம்பையில் நமது மாவட்டத்துப் பெண்கள் அலைச்சறுக்குக் கழகமே தொடங்கினார்கள். நாம் மிதக்கவாவது பழகக் கூடாதா?

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக நமது பழைய மாணவியர் இரண்டு பேரை நீச்சல் பயிற்றுவிப்பாளராகப் பயிற்றுவிப்போம். விடுமுறை நாட்களில் ஒரு தடாகத்தைக் காலை நேரத்தில் பெண் பிள்ளைகளுக்காக வாடகைக்கு எடுப்போம். வெளிநாட்டில் இருப்பவர்கள் கைகொடுங்கள். முதல் வகுப்புக்கு நானும் வருகிறேன், உடுப்புக்குக் காவலாக அல்ல, மாணவியாக.