மெடிக்கல் லீவும் சலுகை டிக்கெட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஒரு விமானக் கம்பெனியில், எந்தப் பணியாளர் எந்த விமானத்தில் போக வேண்டும் என்று ரோஸ்டர் போடும் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆகாயத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். நான் லீவைப் பற்றிப் பேசப் போகிறேன். நாளைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அதுதான் உபயோகம்.

விமானக் கம்பெனி ஊழியருக்கு ஒரு சலுகை உண்டு. சீட் காலியாக இருந்தால், அவரும் குடும்பத்தாரும் கொஞ்சக் காசில் போய்வரலாம். சரி, மெடிக்கல் லீவில் இருப்பவர் அந்த டிக்கெட்டில் போகலாமா? எங்கள் ஆபீசில் அடிக்கடி வரும் வழக்கு இது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒருவன், கேபின் பணியாளன். மணிக்கட்டு சுளுக்கி மூன்று வாரம் லீவு. "அண்ணாச்சி, சென்னை ரூமில தனியா கிடக்கேன். அம்மாகிட்டப் போகணும். மதுரைக்கு டிக்கெட் போடலாமா?" என்று போனில் கேட்டான். "டாக்டர்கிட்ட எழுதி வாங்கு, மேலதிகாரிகிட்ட அனுமதி வாங்கு, அப்புறம் ஏறுப்பா" என்றேன். அப்படியே செய்தான். ஒரு பிரச்சினையும் இல்லை.

இன்னொருவர் சளியால் காது அடைத்திருக்கிறது என்று லீவு போட்டார். மறுநாளே சலுகை டிக்கெட்டில் துபாய் போனார். விமானம் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறையும். இறங்கும்போது திரும்பக் கூடும். அடைத்த காதுக்கு அதுதான் ஆபத்து. யூனிஃபார்ம் போட்டால் வலிக்கும், பேண்ட் சட்டை போட்டால் வலிக்காது என்று காதுக்குத் தெரியுமா? விசாரணையில் அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு பேரும் லீவில்தான் இருந்தார்கள், இரண்டு பேரும் பறந்தார்கள். வித்தியாசம் எங்கே? மெடிக்கல் லீவு என்றால் படுத்த படுக்கை என்று அர்த்தமில்லை. அந்த வேலைக்கு இப்போது தகுதியில்லை என்றுதான் அர்த்தம். பெரிய பயணி விமானத்துக்குச் சான்று கொடுக்கும் முன், பாதி வாசல்களை மட்டும் வைத்து 90 விநாடியில் எல்லோரையும் வெளியேற்றிக் காட்ட வேண்டும். சுளுக்கிய கையோடு அவசரக் கதவைத் திறக்க முடியாது. ஆனால் பயணியாக உட்கார்ந்து வரலாம். ஆக, பயணம் தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு.

இது ஆகாயத்துச் சட்டம் என்று நினைக்காதீர்கள். நம் ராஜபாளையம் மில் தொழிலாளிக்கும் இதே கதைதான். 1948-ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 64-வது பிரிவு, நோய்க்காலப் பணம் வாங்குபவர் மருத்துவ அதிகாரியின் அனுமதியில்லாமல் சிகிச்சைப் பகுதியை விட்டுப் போகக்கூடாது என்றது. குணமாவதைக் கெடுக்கும் எதையும் செய்யக்கூடாது என்றும் சொன்னது. போகவே கூடாது என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் போ என்றது.

ஒருவர் லீவு போட்டால் என்ன கெட்டுவிடும் என்பீர்கள். 50 சீட்டுக்கு ஒரு கேபின் பணியாளர் கட்டாயம். 180 சீட் விமானத்துக்கு நாலு பேர். ஒருவர் குறைந்து மாற்று ஆளும் கிடைக்காவிட்டால் விமானம் கிளம்பாது. 2024 மே 7-ஆம் தேதி இரவு, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் பணியாளர்கள் கூட்டமாக உடம்புக்கு முடியவில்லை என்று தெரிவித்தார்கள். 170-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. கம்பெனி 25 பேரை நீக்கியது. மே 9-ல் டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் சமரசம் ஆகி, அவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நிர்வாகத்தின் மீது ஊழியர்களுக்கு மனக்குறைகள் இருந்தன. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த நாட்களில், மஸ்கட்டில் நோயுற்றிருந்த கணவரைப் பார்க்கத் திருவனந்தபுரம் வந்த ஒரு பெண்ணுக்கு விமானம் கிடைக்கவில்லை. கணவர் இறந்துபோனார். குறையைச் சொல்ல சங்கம் இருக்கிறது, முறைப்படி ஸ்டிரைக் நோட்டீஸ் இருக்கிறது. டாக்டர் சீட்டு அதற்கான காகிதம் அல்ல.

இன்னொரு நஷ்டமும் உண்டு. பொய்யான சீட்டு ஒன்று பிடிபட்டால், அடுத்து வரும் உண்மையான நோயாளியை யாரும் நம்பமாட்டார்கள். ஆடிப்பூரத் தேர் நெருங்கினால் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு முதுகுவலி வந்துவிடும் என்று எங்கள் ஆபீசில் கேலி பேசுவார்கள். சிரித்துக்கொள்வேன். ஆனால் நிஜமாகவே முதுகுவலி வந்த பிள்ளை கண்கலங்கி நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

நிர்வாகத்தில் இருக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெடிக்கல் லீவில் ஒருவன் ஊருக்குப் போனான் என்றவுடனே மெமோ நீட்டாதீர்கள். என்ன நோய், எங்கே போனான், டாக்டர் என்ன சொன்னார் என்று முதலில் கேளுங்கள். தாய் வீட்டுக் கஞ்சியும் மருந்துதான்.

மாணவர்களே, நீங்கள் மில்லுக்குப் போனாலும் விமானத்துக்குப் போனாலும் மூன்று காரியம் மறக்காதீர்கள். பயணம் செய்யலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஆபீசில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். லீவில் எங்கே இருப்பீர்கள் என்று சரியான விலாசம் கொடுங்கள். ஒரு தாளில் நாலு வரி, அவ்வளவுதான். அதை எழுதக் கூச்சமாக இருந்தால், அந்தப் பயணம் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.