வசவு யார் தலையில் விழுகிறது?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப்போவது திட்டுவதைப் பற்றி. சிரிக்காதீர்கள். கூலியும் போனசும் பேச வேண்டிய இடத்தில் இதென்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு வசவு எப்படி ஒரு போனஸ் பாக்கியையே விழுங்கப் பார்த்தது என்று சொன்னால், இதுவும் பேச வேண்டிய விஷயம்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மில் வாசலில் கூட்டம் போட்டோம். போனஸ் பாக்கி ஒரு பக்கம். கேன்டீனில் டீ விலையை ஏற்றிவிட்டு, டீயை மட்டும் நாளுக்கு நாள் நீர்க்கவிட்டது இன்னொரு பக்கம். இளம் தோழர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். ஐந்து நிமிஷம் கணக்கை அழகாகச் சொன்னார். பிறகு கோபம் தலைக்கேறியது. மானேஜரின் தாயாரை இழுத்தார். கேன்டீன் காண்டிராக்டரின் சாதியை இழுத்தார். ஆண்கள் சிலர் கைதட்டினார்கள். ரீலிங் பகுதிப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு, தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள். அந்தக் காண்டிராக்டரின் சாதியில் பிறந்த நம் தொழிலாளர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் முகம் சுருங்கி நின்றார்கள்.

மறுநாள் பேச்சுவார்த்தைக்குப் போனோம். மானேஜர் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "முதலில் நேற்றுப் பேசிய பேச்சுக்குப் பதில் சொல்லுங்கள்" என்றார். இரண்டு வாரம் அதற்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். போனஸ் பாக்கி மேசைக்கு வரவே இல்லை.

அந்த இளம் தோழரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கைதட்டியவர்களில் நாமும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். மானேஜர் செய்த குற்றம், பாக்கியைக் கொடுக்காதது. அவருடைய தாயார் என்ன குற்றம் செய்தார்? காண்டிராக்டர் டீயில் தண்ணீர் விட்டதற்கும் அவர் பிறந்த சாதிக்கும் என்ன சம்பந்தம்? நாம் வீசிய கல் மானேஜர் மேல் படவே இல்லை. அங்கே நின்ற பெண்கள் மேல் பட்டது. நம் சகதொழிலாளி மேல் பட்டது. ஆபாச வசவின் லட்சணமே இதுதான். குறி ஒருவன், அடிபடுகிறவர் இன்னொருவர்.

வார்த்தையின் வலி தெரியாதவர்களா நாம்? தஞ்சைத் தோழர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பாட்டனார் காலத்தில் பண்ணையாளுக்குச் சவுக்கடி உண்டு, சாணிப்பால் உண்டு. அதோடு ஒரு நாளும் தீராத இன்னொரு தண்டனையும் உண்டு. மிராசுதார் வீட்டுச் சின்னப் பிள்ளைகூட நரைத்த தலையுள்ள பண்ணையாளை "டேய்" என்றுதான் கூப்பிடும். 1940களில் தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் அங்கே சங்கம் கட்டியபோது, அடித்தால் திருப்பி அடிக்கவும், "டா" போட்டால் திருப்பி "டா" போடவும் கற்றுக்கொடுத்தார்கள். நெல்லளவுக் கூலியோடு மரியாதையும் ஒரு கோரிக்கையாக இருந்தது. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதி மக்களையும் பழங்குடி மக்களையும் பொது இடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. ஒரே ஓர் எழுத்துக்காக, ஒரு "டா"வுக்காக, ரத்தம் சிந்திய வர்க்கம் நம்முடையது. நாமே வாயில் வந்ததையெல்லாம் கொட்டலாமா?

"அப்படியானால் திட்டவே கூடாதா? முதலாளியைத் தடவிக் கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்று ஒரு தோழர் முணுமுணுக்கிறார். காதில் விழுகிறது. இல்லை தோழரே! திட்ட வேண்டும். நன்றாக, உறைக்கும்படி திட்ட வேண்டும். அந்தக் கலை நம் ஜனங்களிடம் ஏராளமாக இருந்தது. அதைத் தொலைத்துவிட்டோம் என்பதுதான் நம் வருத்தம்.

கிராமத்தில் கஞ்சனை எப்படிச் சொல்வார்கள்? "எச்சில் கையால் காக்காய் ஓட்டமாட்டான்." கையில் ஒட்டியிருக்கும் பருக்கை காக்கைக்குப் போய்விடுமாம்! இதில் கெட்ட வார்த்தை ஒன்று உண்டா? தாய் தகப்பன் வந்தார்களா? சாதி வந்ததா? அவனுடைய கஞ்சத்தனம் மட்டும் படம் பிடித்தாற்போல் வந்துவிட்டது. அடுத்தவன் பொருளில் தாராளம் காட்டுகிறவனுக்கு, "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்றார்கள். இவற்றைக் கட்டியவர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள் அல்ல. நாற்றங்காலிலும் களத்துமேட்டிலும் நின்றவர்கள்.

படித்த புலவர்களும் இந்தக் கலையில் சளைத்தவர்கள் அல்ல. ஔவையாரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தர்மபுரிப் பக்கம், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் தொண்டைமானுக்கும் பகை. ஔவையார் தூது போகிறார். தொண்டைமான் தன் பலத்தைக் காட்ட ஆயுதசாலைக்கு அழைத்துப் போகிறான். ஔவையார் சுற்றிப் பார்த்துவிட்டுப் புகழத் தொடங்குகிறார். உன் ஆயுதங்களுக்கு மயில்தோகை சூட்டியிருக்கிறாய், மாலை போட்டிருக்கிறாய், நெய் பூசிப் பளபளவென்று காவலுள்ள மாளிகையில் வைத்திருக்கிறாய். எங்கள் தலைவனுடைய வேல்களோ, பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து, எப்போது பார்த்தாலும் கொல்லன் பட்டறையிலேயே கிடக்கின்றன. இவ்வளவுதான் சொன்னார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது.

உன் ஆயுதம் சண்டையே பார்த்ததில்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தொண்டைமான் எதற்காகக் கோபப்படுவான்? சொன்னதெல்லாம் புகழ்ச்சி, அத்தனையும் நிஜம். பகைவன் கோட்டைக்குள், பகைவன் ஆயுதங்களுக்கு நடுவில் தனியாக நின்றுகொண்டு ஒரு பெண் பேசிய பேச்சு இது. புகழ்வதுபோல் இகழ்கிற இதற்கு இலக்கணக்காரர்கள் வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் வைத்தார்கள்.

வள்ளுவரும் இந்த வித்தை தெரிந்தவர். கயமை என்று ஓர் அதிகாரம், 108ஆவது. கயவர்கள் பார்ப்பதற்கு அச்சாக மனிதர்களைப் போலவே இருக்கிறார்கள், இப்படி ஓர் ஒற்றுமையை நாம் வேறெங்கும் கண்டதில்லை என்று ஆச்சரியப்படுகிறார்! அதே அதிகாரத்தில், கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள் என்கிறார். ஏன்? இரண்டு பேருமே மனம் போனபடி நடக்கிறார்கள், கேட்பார் இல்லை. ஓர் அடியில் கயவனும் அடிபட்டான். மேலே இருப்பவர்களும் தப்பவில்லை.

15ஆம் நூற்றாண்டில் இருந்த காளமேகப் புலவர் பசியோடு நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவனின் சத்திரத்துக்குப் போன கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சோறு வர நெடுநேரமாயிற்று. உடனே பாடினார். பொழுது சாயும்போது சத்திரத்துக்கு அரிசி வருமாம். குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்குமாம். ஓர் அகப்பை இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்குமாம்! காத்தான் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். புலவர் பாட்டை மாற்றவில்லை, பொருளை மாற்றினார். நாடெங்கும் நெல் அருகிப்போன காலத்திலும் இங்கே அரிசி வரும். உலை வைத்தால் ஊரார் பசி அடங்கும். இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு வெள்ளியும் தோற்கும் என்று சொல்லிக் கொடுத்தாராம். நல்ல வசவு, குற்றவாளி திருந்துவதற்கு ஒரு கதவையும் திறந்து வைக்கிறது. தாயை இழுத்துத் திட்டினால் எந்தக் கதவு திறக்கும்?

ஆனால் தோழர்களே, பழையது எல்லாம் நல்லது என்று நாம் சொல்ல வரவில்லை. அதே காளமேகம் மோரைப் பார்த்தும் பாடியிருக்கிறார். வானத்தில் இருந்தபோது உனக்கு மேகம் என்று பெயர். தரைக்கு வந்தபோது நீர் என்று பெயர். மோர்க்காரியின் கைக்கு வந்தபின் மோர் என்று பெயர்! கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மோர்க்காரி யார்? வெயிலில் பானை சுமந்து நாலு காசு சம்பாதிக்கிறவள். சத்திரத்துக்காரனைக் குத்தியபோது நாம் புலவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். மோர்க்காரியைக் குத்தும்போது நம் சிரிப்பு பாதியில் நின்றுவிட வேண்டும். கருமையை, ஊனத்தை, விதவையை, தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களைக் கேலி செய்கிற பழமொழிகளும் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் குப்பையில் போடுங்கள். கீழே இருப்பவனைக் குத்துகிற கேலி எத்தனை அழகாக இருந்தாலும் அது மிராசுதாரின் சவுக்குக்குக் குஞ்சம் கட்டுகிற வேலைதான்.

இந்தக் கலை ஏன் தொலைந்தது? அன்று பண்ணையாள் நேருக்கு நேர் திட்டினால் முதுகுத் தோல் உரியும். அதனால் பேச்சைச் சாணை பிடித்து, புகழ்ச்சிக்குள் மறைத்து வைத்தான். இன்று வாய்விட்டுத் திட்டுகிற உரிமை வந்திருக்கிறது. போராடிப் பெற்ற உரிமை, நல்லதுதான். ஆனால் கத்தி வெளியே வந்ததும் சாணைக்கல்லைத் தூக்கி எறிந்துவிட்டோம். இரண்டாவது, நடவில் இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்று மாறி மாறி நையாண்டி பேசிய காலம் போய்க்கொண்டிருக்கிறது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அந்த வரிசைகளைக் கலைத்துவிட்டன. பேச்சைத் தீட்டுகிற பட்டறை அதுதான். மூன்றாவது, மைக்கும் செல்போனும். யோசித்துப் பேசினால் கைதட்டல் மெதுவாக வருகிறது. ஆபாசமாகப் பேசினால் உடனே வருகிறது. பேசுகிறவர்கள் சுலபமான வழியில் போய்விட்டார்கள்.

இனி, நாம் தொடங்கிய மில் வாசலுக்கே திரும்புவோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி கூட்டம். பெண்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வந்தோம். ரீலிங்கில் வேலை செய்யும் வயதான அம்மா ஒருவர், "நானும் ரெண்டு வார்த்தை பேசட்டுங்களா?" என்று கேட்டு மைக் முன்னால் வந்தார்.

"நம்ம காண்டிராக்டர் ஐயாவை யாரும் குறை சொல்லாதீங்க. அவராட்டம் அக்கறை யாருக்குங்க வரும்? பால் ஊத்துனா நமக்குச் சளி புடிக்கும்னு பால் ஊத்தறதில்லை. சர்க்கரை போட்டா நோவு வரும்னு சர்க்கரை போடறதில்லை. தேயிலை போட்டா ராத்திரி தூக்கம் கெட்டுப்போகும்னு அதையும் போடறதில்லை. அப்புறம் காசு மட்டும் எதுக்கு வாங்கறாருன்னு கேப்பீங்க. நம்ம கையில இருந்தா வீணாச் செலவாயிருமேன்னு கவலைதானுங்க!"

வாசலில் நின்ற வாட்ச்மேன்கூடச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து மில் முழுக்க அந்த டீக்கு "அக்கறை" என்று பெயர் வந்தது. "ஒரு அக்கறை குடுங்க" என்று தொழிலாளர்கள் கேட்கக் கேட்க, காண்டிராக்டரால் கோபப்படவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. பத்தே நாளில் டீயில் பால் தென்பட்டது. அந்த அம்மாவின் பேச்சுக்கு எதிராக மானேஜர் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. எதைச் சொல்லிக் குற்றம் சாட்டுவார்?

ஆகவே, மைக்கைப் பிடிக்குமுன் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நாம் சொல்லப்போவது அவன் செய்த காரியத்தைச் சொல்கிறதா, அல்லது அவன் பிறப்பைச் சொல்கிறதா? எதிரே நிற்கும் நம் ஜனங்களில் யாராவது அதைக் கேட்டுத் தலைகுனிவார்களா? நாளைக் காலையில் பேச்சுவார்த்தை மேசையில் அவன் முகத்துக்கு நேரே அதையே நிமிர்ந்து நின்று மறுபடி சொல்ல முடியுமா? மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் தயங்க வேண்டாம். நன்றாக உறைக்கும்படி சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. போனஸ் பாக்கி சிரிப்பினால் வந்துவிடவில்லை. அதற்குச் சங்கம் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நோட்டீஸ் கொடுக்கப் போன அன்று, ஒருநாள் தலைகுனிந்து கலைந்துபோன அதே ரீலிங் பெண்கள், முன்வரிசையில் தலைநிமிர்ந்து நடந்தார்கள்.