காசு கிடக்குது... காகிதம் தடுக்குது!

(தலைப்பு: ஏழை மாணவரின் கல்லூரிப் படிப்புக்குப் பெரிய தடை காசா? காகிதமா? ‘காகிதமே’ என்ற அணியில் மூன்றாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணியில் கை நிறையக் காசோடு வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, என் அணியில் கை நிறைய ஜெராக்ஸோடு உட்கார்ந்திருக்கும் தோழர்களே (சிரிப்பு), வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், ‘காசிருந்தா காகிதம் தானா வரும்’னு ஒரே போடா போட்டுட்டுப் போனாரு. கைதட்டலும் வாங்கிட்டாரு. அண்ணே, ஒண்ணு சொல்றேன். காசிருக்கிறவன் எதுக்குண்ணே உதவித்தொகை ஃபாரம் பூர்த்தி பண்றான்? (கைதட்டல்) இன்னைக்கு நாம பேசறது காசில்லாத வீட்டுப் பிள்ளையைப் பத்தி. அந்தப் பிள்ளைக்காக அரசாங்கம் காசு ஒதுக்கியிருக்கு. அது அவன் கைக்கு ஏன் போய்ச் சேரலைங்கிறதுதான் கேள்வி.

நடுவர் அவர்களே, எனக்கு ஊர் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்கு முன்னாடி, ரோட்டோரத்தில் வெள்ளை வெள்ளையா உப்பைக் குவிச்சு வெச்சிருப்பாங்களே, அந்த ஊர். எங்கப்பா உப்பளத்துல உப்பு வாரினவர். நான் எங்க பக்கத்துல ஒரு கல்லூரி அலுவலகத்துல, உதவித்தொகைப் பிரிவுல 18 வருஷமா வேலை பார்க்கிறேன். அதனால, நான் பேசறது படிச்சதில்லைங்க. தினம் காலையில 10 மணிக்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிக்கிற முகங்களைப் பார்த்துப் பேசறேன்.

முதல்ல, காசு இருக்கா இல்லையான்னு பார்த்துடுவோம். மெட்ரிக் படிப்புக்கு மேல போற தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகை 1944-லேயே வந்தாச்சு. நாடு சுதந்திரம் வாங்கறதுக்கு மூணு வருஷம் முன்னாடி! குடும்பத்துல முதல் பட்டதாரின்னா, தொழிற்கல்விக்குக் கல்விக் கட்டணச் சலுகை தமிழ்நாட்டுல 2010-ல வந்துச்சு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம், 2020-ல மருத்துவத்துக்கு, 2021-ல பொறியியல் மாதிரி மத்த தொழிற்கல்விக்கு. 2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்னைக்குப் புதுமைப்பெண் திட்டம், மாசம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்ட்ல பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், அதுவும் 1,000 ரூபாய். தாழ்த்தப்பட்ட மாணவர் உதவித்தொகைக்கு மட்டும் 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் குடுத்துச்சு. 2025-26 வரைக்குமான கணக்கு அது. அதுல 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு.

59,048 கோடி! எங்க ஊரு உப்பு மலையை விட உயரமா இருக்கே ஐயா! காசு இல்லைன்னு யார் சொன்னது? (கைதட்டல்)

நடுவர்: அம்மா, அவ்வளவு காசு இருந்தும் பிள்ளைங்க ஏன் இன்னும் உங்க ஜன்னல்ல நிக்கிறாங்க?

அதைத்தான் ஐயா சொல்ல வர்றேன். உதவித்தொகை வாங்க என்ன வேணும்? சாதிச் சான்றிதழ். சரி, அது ஒரு தடவை வாங்கினா போதும், சாதி எங்க மாறப் போகுது நம்ம நாட்டுல! (சிரிப்பு) அடுத்து வருமானச் சான்றிதழ். இங்கதான் எங்க ஊருக்குச் சிக்கல். ஃபாரத்துல ‘மாத வருமானம்’னு ஒரு கட்டம் இருக்கு. உப்பளத்துக்காரனுக்கு ஏதுங்க மாத வருமானம்? தை, மாசியில வேலை ஆரம்பிச்சா புரட்டாசி வரைக்கும் ஓடும். ஐப்பசி மழை விழுந்தா பாத்தியெல்லாம் குளமாயிடும், கூலியும் நின்னுடும். 2011 டிசம்பர்ல தானே புயல். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல், பாண்டிச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. அப்ப எங்க உப்பளம் எது, கடல் எதுன்னே தெரியல. அந்த மாசத்துக் கட்டத்துல எங்கப்பா மாதிரி ஒருத்தர் என்ன எழுதுவாரு? ‘மழை’ன்னா எழுத முடியும்?

அப்புறம் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இது ரொம்ப வேடிக்கைங்க. படிச்சவன் படிச்சேன்னு நிரூபிக்கச் சான்றிதழ் காட்டுவான். இங்க, எங்க வீட்ல அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா யாருமே பட்டம் வாங்கலேன்னு நிரூபிக்கணும். இல்லாததை எப்படிங்க காட்டறது? ஒரு பாட்டி என்கிட்ட கேட்டுச்சு: ‘ஏம்மா, நான் படிக்கலேன்னு என் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா?’ (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து பேரு. தமிழனுக்கு ஏதுங்க சர்நேம்? நமக்கு இனிஷியல்தான் சொத்து. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி. ஆதார்ல பின்னாடி. பேங்க் பாஸ்புக்ல அப்பா பேரு முழுசா. கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? மூணு பேரு வந்து ஒரே உதவித்தொகையைக் கேக்கறாங்கன்னு நினைக்கும்! புள்ளி ஒண்ணு தள்ளி விழுந்ததுக்காக ஒரு பையன் நாலு ஆபீஸ் ஏறி இறங்கினதை நான் பார்த்திருக்கேன். ஒவ்வொரு ஏறி இறங்கலுக்கும் அவங்கப்பாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு. அண்ணே, நீங்க சொன்ன காசுப் பிரச்சினையை உண்டு பண்றதே இந்தக் காகிதம்தான்! (கைதட்டல்)

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். தாய்மார்கள் கொஞ்சம் கவனமா கேளுங்க. முன்னெல்லாம் கட்டணத்துக்கான பணம் கல்லூரிக்குப் போகும். இப்ப மத்திய அரசின் பங்கு, மாநில அரசு தன் பங்கை விட்டதுக்கப்புறம், நேரா மாணவன் வங்கிக் கணக்குக்கே வருது. நல்ல மாற்றம்தான். நான் குறை சொல்லல. ஏன்னா, இமாச்சலப் பிரதேசத்துல தனியார் கல்வி நிறுவனங்கள் மாணவர் பேரைச் சொல்லி உதவித்தொகையைச் சுருட்டினதா 250 கோடிக்கு மேல புகார் வந்து, 2019-ல சி.பி.ஐ. வழக்கே போட்டுச்சு. நடுவுல கை வைக்க ஆள் இருக்கக் கூடாதுன்னுதான் நேரடியா அனுப்பறாங்க.

ஆனா நேரடியாங்கறது எந்தக் கணக்குக்கு? நாம ஃபாரத்துல எழுதிக் குடுத்த கணக்குக்குன்னுதானே நினைப்போம்? இல்லைங்க. ஆதார் நம்பரை வெச்சு அனுப்பற பணம், அந்த ஆதாரோட கடைசியா எந்த பேங்க் கணக்கை இணைச்சோமோ, அங்கதான் போகும். பேங்க்ல ஆதார் ஜெராக்ஸ் குடுத்துட்டா மட்டும் போதாது. பணம் வர்றதுக்கான இணைப்புன்னு தனியா ஒண்ணு இருக்கு.

எங்க பக்கத்து உப்பளத் தொழிலாளி மகள் ஒருத்தி. பேர் வேண்டாம். தனியார் கல்லூரி ஒண்ணுல படிச்சா, அதுவும் பேர் வேண்டாம். ப்ளஸ் டூ லீவுல ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனா. சம்பளம் போடறதுக்குன்னு அவங்க ஒரு கணக்கு தொடங்கி, ஆதாரை இணைச்சாங்க. ரெண்டு மாசத்துல வேலையை விட்டுட்டுக் கல்லூரியில சேர்ந்தா. அந்தக் கணக்கை மறந்தே போனா. உதவித்தொகைக்கு எழுதிக் குடுத்தது பள்ளிக்கூடத்துல தொடங்கின பழைய கணக்கு. பாஸ்புக்கைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறா, ஒண்ணும் வரல. கல்லூரியில, ‘முதல்ல ஃபீஸைக் கட்டு, பணம் வந்தா நீயே எடுத்துக்கோ’ங்கறாங்க. அவங்கம்மா காதுல கிடந்த தோட்டை அடகு வெச்சாங்க. முதல் தவணைக்கு ஆச்சு. ரெண்டாவது தவணைக்கு அடகு வைக்கக் காது மட்டும்தான் மிச்சம். (அரங்கில் அமைதி) பரீட்சைக்கு உட்கார விடல. திரும்பி உப்பளத்துக்கு வந்துட்டா.

அவங்கம்மா ஒரு நாள் என் ஜன்னலுக்கு வந்து அழுதாங்க. எங்க கல்லூரிப் பொண்ணு இல்ல, இருந்தாலும் உப்பளத்துப் பொண்ணாச்சே. ஆதார் இணையதளத்துல எந்த பேங்க் இணைஞ்சிருக்குன்னு பார்த்தோம். அந்தக் கம்பெனிக் கணக்கு! போய்க் கேட்டா, பணம் வந்து அஞ்சு மாசமாச்சு.

நடுவர் அவர்களே, பணம் வந்திருந்துச்சுய்யா! அரசாங்கம் அனுப்பிடுச்சு! அம்மா தோட்டை அடகு வெச்சு வட்டி கட்டிக்கிட்டிருந்த அதே அஞ்சு மாசமும், அந்தப் பொண்ணோட சொந்தப் பணம் அந்தப் பொண்ணோட சொந்தக் கணக்குல சும்மா கிடந்துச்சு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், தடை காசா காகிதமான்னு சொல்ல? (நீண்ட கைதட்டல்)

நடுவர்: அந்தப் பொண்ணு இப்ப என்னம்மா பண்ணுது?

ஒரு வருஷம் போச்சுங்கய்யா. மறுவருஷம் பரீட்சை எழுதிட்டா. ஆனா எத்தனை பேர் திரும்பி வருவாங்க?

எதிரணியில ஒரு தங்கை கேட்டாங்க, ‘காகிதம் கேக்காம குடுத்தா, கண்டவனெல்லாம் வாங்கிடுவானே’ன்னு. நியாயமான கேள்விதான். ஆனா தங்கச்சி, ஏமாத்தறவன் கிட்ட எப்பவும் காகிதம் பக்காவா இருக்கும்மா! இனிஷியல் கூட இடம் மாறாது! (சிரிப்பு) தட்டுத் தடுமாறறது யாரு? வீட்ல ஃபாரம் படிச்சுச் சொல்ல ஆளில்லாத, உண்மையான ஏழைதான்.

இது நம்ம ஊர் கோளாறு மட்டும்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல கல்லூரி உதவிக்கு நாடு முழுக்க ஒரே ஃபாரம். நூறு கேள்விக்கு மேல இருந்துச்சு. மாணவர்கள் பயந்து பூர்த்தி பண்றதே இல்லைன்னு, அதைச் சுருக்க 2020-ல சட்டமே போட்டாங்க. சுருக்கின ஃபாரம் அக்டோபர்ல வர வேண்டியது, 2023 டிசம்பர் 30-ஆம் தேதிதான் வந்துச்சு. வந்ததும் கம்ப்யூட்டர் மக்கர். அப்பா அம்மாவுக்கு அந்த நாட்டு அடையாள நம்பர் இல்லாத பிள்ளைங்க பூர்த்தி பண்ண முடியாம மாசக்கணக்குல தவிச்சாங்க. டாலர் இருக்கிற நாட்டுலயும் தடுத்தது காகிதம்தான்!

இதுக்கு எதிர்ச் சாட்சியும் நம்மகிட்டயே இருக்கு. புதுமைப்பெண் திட்டத்துல வருமானச் சான்றிதழ் கேக்கறதில்ல. ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சியா? அந்த விவரம் பள்ளிக்கல்வித் துறை கம்ப்யூட்டர்லயே இருக்கு. கல்லூரியே சரிபார்த்துப் பதிவு பண்ணுது. என் ஜன்னல்ல அந்தத் திட்டத்துக்கு நிக்கிற வரிசைதான் சீக்கிரம் நகருது. 1,000 ரூபாய் பத்துமான்னு எதிரணி கேக்கலாம். பத்தாதுதான், ஒத்துக்கறேன். ஆனா பத்தாத காசாவது வந்து சேருது. காகிதத்தைக் குறைச்சா காசு கடைசி வீடு வரைக்கும் நடந்து வரும் ஐயா!

முடிக்கிறதுக்கு முன்னாடி, எங்க ஊர்ப் பெருமை ஒண்ணு. சிறுபாணாற்றுப்படையில எயிற்பட்டினம்னு ஒரு ஊர் வருது. அது எங்க மரக்காணத்துப் பக்கம்தான்னு அறிஞர்கள் சொல்றாங்க. அந்த நாட்டை ஆண்டவன் வள்ளல் நல்லியக்கோடன். ஆற்றுப்படைன்னா என்ன? பரிசு வாங்கின பாணன், வழியில பசியோட வர்ற இன்னொரு பாணனைப் பார்த்து, ‘இப்படிப் போ, இந்த ஊர் வரும், அந்த வள்ளலைப் பாரு, குடுப்பான்’னு வழி சொல்றதுதானே? கவனிங்க, குடுக்கிற வள்ளலைப் பத்தி நமக்குத் தெரிய வெச்சதே வழி சொன்னவன்தான். ஆற்றுப்படுத்த ஒருத்தன் இல்லேன்னா, வள்ளல் அரண்மனையில உட்கார்ந்திருப்பான், பாணன் பாலை வழியில செத்திருப்பான்! (பலத்த கைதட்டல்)

இன்னைக்கும் வள்ளல் இருக்கான். அரசாங்கம்னு பேரு. வழி சொல்லத்தான் ஆளில்லை. அதனால இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிற உங்களை ஒண்ணு கேட்டுக்கறேன். உதவித்தொகை வாங்கிப் படிச்சு இன்னைக்கு வேலையில இருக்கிறவங்களே, ஜூன் மாசம் ஒரே ஒரு நாள் உங்க தெருவுல உட்காருங்க. ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளையோட ஆதாரையும் மார்க் ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பேரு ஒண்ணா இருக்கான்னு பாருங்க. எந்த பேங்க்ல இணைப்பு இருக்குன்னு ஆதார் இணையதளத்துல பார்த்துச் சொல்லுங்க. ரெண்டு வருஷமா வரவு செலவு இல்லாத கணக்கா இருந்தா பேங்க்குக்குக் கூட்டிட்டுப் போய் உயிர் குடுங்க. கல்லூரி நிர்வாகங்களே, அரசாங்கப் பணம் வர்ற பிள்ளைன்னு தெரிஞ்சா, பணம் வர்ற வரைக்கும் பரீட்சை எழுதவாவது விடுங்க. அரசாங்கமே, உங்க ஒரு ஆபீஸ் குடுத்த சான்றிதழை உங்க இன்னொரு ஆபீஸுக்குப் பிள்ளைங்க தூக்கிட்டு வரணுமா? நீங்களே உங்களுக்குள்ள கேட்டுக்கக் கூடாதா?

காசு ஒதுக்கியாச்சு, அனுப்பியும் ஆச்சு. ஒரு புள்ளியாலயும், ஒரு கட்டத்தாலயும், ஒரு இணைப்பாலயும் அது வழியில நிக்குது. அந்தக் காகிதத்தை விலக்குங்க. உப்பளத்துப் பிள்ளை தானா நடந்து கல்லூரிக்குள்ள போயிடும்.

ஆகவே நடுவர் அவர்களே, ஏழை மாணவரின் படிப்புக்குப் பெரிய தடை காகிதமே, காகிதமே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)