பக்கவாதமும் மனச்சோர்வும்

(உடன்பங்காளர் கூடுகையில் நமது மருத்துவர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கைகளால் பக்கவாத நோயாளிகள் பலர் சிகிச்சை பெறுகிறார்கள். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. கை கால் விழுந்துபோனதை எல்லாரும் காண்கிறார்கள். கூடவே மனமும் விழுந்துபோவதைப் பலர் காண்பதில்லை.

பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. பயிற்சிக்கு அழைத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வீட்டார் "சோம்பல்" என்பார்கள். சபையார் "விசுவாசக் குறைவு" என்பதும் உண்டு. அன்பானவர்களே, அப்படிச் சொல்லி அவரை மேலும் நொறுக்க வேண்டாம். இது நோயின் ஒரு பாகம். கவனிக்காமல் விட்டால் கை கால் தேறுவதும் தடைப்படும்.

மூளையின் இடது முன்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கே சோர்வு அதிகம் என்று 1980-களில் அமெரிக்காவின் டாக்டர் ராபர்ட் ராபின்சன் குழுவினர் கூறினர். 2000-ஆம் ஆண்டில் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. ஆகவே எந்தப் பக்கம் பாதிக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு நோயாளியிடமும் மனநிலையை விசாரிக்க வேண்டும். பேச்சு இழந்தவரிடம் முகக்குறிப்பைப் பார்த்து அறிய வேண்டும்.

எல்லாருக்கும் முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். பிரிட்டனில் 3,127 நோயாளிகளிடம் ஃப்ளூவாக்ஸெடின் மருந்தை 6 மாதம் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். சோர்வு ஓரளவு குறைந்தது. ஆனால் உடல் இயக்கம் கூடுதலாகத் தேறவில்லை, எலும்பு முறிவுகளும் அதிகரித்தன. எனவே மருந்து தேவையானவருக்கு மட்டுமே. அவர் யாரென்று அறிய, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும்.

அந்த வேலையைக் குடும்பத்தாரிடமே விட்டுவிடலாமா? லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் முக்கிய பங்கு வகித்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் அதில் சேர்ந்தனர். வீட்டாருக்குப் பயிற்சி தந்து மறுவாழ்வுச் சிகிச்சையை அவர்களிடம் ஒப்படைத்தும், வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. உடற்பயிற்சிக்கே இப்படியென்றால், மனதைத் தேற்றும் பாரத்தையும் வீட்டார் தலையில் மட்டும் வைக்கலாமா? அவர்களுடைய அன்பு அவசியம். பயிற்சி பெற்ற ஊழியரும் அவசியம்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வந்தார்கள். வாசலில் இடமில்லை என்று திரும்பிப் போகாமல் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். படுத்திருந்தவன் என்ன விசுவாசத்தோடு இருந்தான் என்று வேதம் தனியே சொல்லவில்லை. சுமந்தவர்களின் விசுவாசத்தையும் ஆண்டவர் கண்டார். சோர்ந்துபோனவனால் ஜெபிக்கக்கூட முடியாத நாட்கள் உண்டு. அந்நாட்களில் அவனுக்காக நாம் சுமக்க வேண்டும்.

நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பொறுமையாகப் பேசும் ஆலோசகர்களுக்காக ஜெபியுங்கள். அவர்களைத் தாங்கக் கொடுங்கள். உங்கள் தெருவில் பக்கவாதத்தில் படுத்திருப்பவர் இருந்தால் போய்ப் பாருங்கள். "கை எப்படி இருக்கிறது" என்று கேட்டபின், "மனசு எப்படி இருக்கிறது" என்றும் கேளுங்கள்.

தேவன் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.