ஊர்வலத்துக்குள் ஒரு கேமரா



ஊர்வலத்தில் கல் பறந்தால் மறுநாள் நாளிதழில் அதற்கு முதல் பக்கம். போலீஸ் தடியை எடுத்தாலும் முதல் பக்கம். லட்சக்கணக்கானவர்கள் கூடி, நடந்து, பேச்சைக் கேட்டு, ரயிலேறி வீட்டுக்குப் போய்விட்டால்? உயரத்திலிருந்து எடுத்த ஒரு படம், கீழே எண்ணிக்கை, ஒரு தலைவர் மைக் முன்னால் நிற்கும் படம். அதோடு முடிந்தது. பத்திரிகைப் புகைப்படக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவருக்கு நாளிதழ்ப் பக்கத்தில் இடம் குறைவு, மாலைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். ஆனால் அந்த ஊர்வலத்தில் யார் யார் வந்தார்கள், என்ன எழுதிப் பிடித்திருந்தார்கள், எப்படி நடந்தார்கள் என்று இருபது வருடம் கழித்து ஒருவர் கேட்டால், பதில் பெரும்பாலும் வேறொருவரிடம்தான் இருக்கும். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஆசைக்குக் கேமரா வைத்திருப்பவரிடம். அமெச்சூர் என்று சற்று இளக்காரமாகச் சொல்கிறோமே, அவரிடம். இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

2003ஆம் ஆண்டு பிப்ரவரி 15, சனிக்கிழமை. ஈராக் மீது அமெரிக்காவும் பிரிட்டனும் படையெடுக்கப் போவது ஏறக்குறைய உறுதியாகிவிட்ட நேரம். உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான நகரங்களில் ஒரே நாளில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ரோம் நகரில் கூடியது மிகப் பெரிய கூட்டம். அண்டார்டிகாவின் மக்மர்டோ ஆய்வு நிலையத்தில்கூட ஒரு சிறு கூட்டம் பனியில் நின்றது. நான் இங்கே எடுத்துக்கொள்வது லண்டனை.

அங்கே ஊர்வலம் இரண்டு இடங்களிலிருந்து கிளம்பியது. ஒன்று தேம்ஸ் நதிக்கரைச் சாலையான எம்பேங்க்மென்ட். இன்னொன்று பல்கலைக்கழகம் இருக்கும் கோவர் தெரு. இரண்டும் பிக்கடில்லி சர்க்கஸில் கலந்து ஹைட் பார்க் பூங்காவுக்குப் போக வேண்டும். அந்தப் பூங்காவைத் தருவதற்கே அரசுத் தரப்பில் முதலில் இழுபறி. ஈரத் தரையில் அவ்வளவு கூட்டம் கூடினால் ஆபத்து, புல்லும் நாசமாகிவிடும் என்றார்கள். போருக்குக் கிளம்பும் அரசு புல்லுக்காகக் கவலைப்படுகிறதே என்று ஊர் சிரித்தது. பிறகு இறங்கி வந்தார்கள். அன்று காலை கூட்டம் அளவு மீறிச் சேர்ந்ததால், குறித்த நேரத்துக்கு முன்பே ஊர்வலத்தை நகரவிட வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட கூட்டத்தைக் கட்டிடத்தின் உச்சியிலிருந்தோ ஹெலிகாப்டரிலிருந்தோ எடுத்தால் தலைகள்தான் தெரியும். உள்ளே நடந்துபோனவர் எடுத்த படத்தில் எழுத்து தெரியும். ஓவியர் டேவிட் ஜென்டில்மேன் வரைந்த அட்டை ஆயிரக்கணக்கான கைகளில் இருந்தது. வெள்ளை அட்டையில் பெரிதாக ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல், அதன் மேல் ரத்தம் தெறித்ததுபோல் கறை. தலையில் டீக்கோப்பையைக் கவிழ்த்துக்கொண்டு துப்பாக்கியோடு நிற்கும் பிரதமர் டோனி பிளேரின் படம் போட்ட இன்னொரு அட்டை, போரை விட்டு டீயைப் போடச் சொன்னது. இவை அச்சடித்தவை, ஆயிரம் படங்களில் கிடைக்கும். எனக்குப் பிடித்தது கையால் எழுதிக் கொண்டுவந்த பதாகைகள். தொல்லியல் ஆய்வாளர்கள் தங்கள் துறையின் பெயரைப் போட்டு வந்தார்கள். ஸ்வாஃபம் என்ற சிற்றூரின் பெண்கள் பாடகர் குழு வந்தது. நாட்ஸ் கவுன்ட்டி கால்பந்துக் குழுவின் ரசிகர்கள், போர் வேண்டாம் என்று எழுதிவிட்டு, கூடவே சொந்த மைதானத்தில் பிரிஸ்டல் அணியை ஜெயித்தால் தேவலை என்றும் ஒரு வேண்டுதலைச் சேர்த்திருந்தார்கள். வாழ்க்கையில் அதுவரை கொடி பிடித்திராதவர்கள் எத்தனை பேர் அன்று வந்தார்கள் என்பதை எந்தத் தலைவரின் பேச்சையும்விட அந்தக் கால்பந்து அட்டை தெளிவாகச் சொல்கிறது. அதைப் படம் எடுக்க, தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் வேண்டாம், அனுமதிச் சீட்டு வேண்டாம். பக்கத்தில் நடந்துகொண்டிருந்தால் போதும்.

தொழில்நுட்பம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2003 ஒரு மாறும் காலம். டிஜிட்டல் கேமரா கடைக்கு வந்துவிட்டது, ஆனால் நல்லது விலை அதிகம். நிறையப் பேர் கையில் இன்னும் பிலிம். ஒரு சுருளுக்கு 36 படம். லண்டனில் பிப்ரவரி மாதம் மேகமூட்டமான நாளில் வெளிச்சம் சோகையாக இருக்கும், ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நடக்கிறவரின் காலும் அட்டையும் கலங்காமல் விழ வேண்டுமானால் ஷட்டர் வேகம் 250இல் ஒரு பங்கு வினாடியாவது வேண்டும். அந்த வெளிச்சத்தில் 400 வேகப் பிலிமை வைத்துக்கொண்டு அதை எட்ட, லென்ஸின் துவாரத்தை நன்றாகத் திறக்க வேண்டும். திறந்தால், முன்னால் இருப்பவர் முகம் மட்டும் துலங்கும், பின்னால் வருகிறவர்கள் மங்கிவிடுவார்கள். கூட்டத்தைக் காட்டவா, ஆளைக் காட்டவா என்று ஒவ்வொரு படத்திலும் தீர்மானிக்க வேண்டும். இதற்கு நடுவே குளிரில் விறைத்த விரலால் சுருள் மாற்ற வேண்டும். பின்பக்கமாக நடந்துகொண்டே எடுப்பவர் நடைபாதை விளிம்பில் தடுக்கி விழாமலும் இருக்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கைச் சண்டை. அன்று வந்தவர்கள் ஏழரை லட்சம் என்றது போலீஸ். ஏறக்குறைய 20 லட்சம் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். இந்தச் சண்டையில் கேமரா இரண்டு பக்கமும் பொய் சாட்சி சொல்லும். டெலி லென்ஸைப் போட்டு நேர் எதிரே நின்று எடுத்தால், பத்தடி இடைவெளியில் வருகிறவர்களும் தோளோடு தோள் உரசுவதுபோல் தெரியும். இருநூறு பேரைப் பெருங்கூட்டமாக்கிவிடலாம். அகலமாகக் காட்டும் வைட் லென்ஸைப் போட்டு ஓரத்தில் வெற்றிடத்தையும் சேர்த்து எடுத்தால், நிறைந்த தெருவையும் காலியாகக் காட்டிவிடலாம். நம்மூர் மாநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒழுங்காக எண்ண ஒரு வழி உண்டு. அதுவும் போர் எதிர்ப்புக் கூட்டத்தைப் பார்த்துப் பிறந்ததுதான். 1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்பவரின் அறை ஜன்னலுக்குக் கீழே, வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கூடும் திடல் இருந்தது. அதன் தரை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சில கட்டங்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கினார். தளர்வான கூட்டத்தில் ஓர் ஆளுக்குப் பத்து சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரை சதுர அடி என்று ஒரு கணக்குக்கு வந்தார். இன்றும் கூட்டத்தை எண்ணுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நகரும் ஊர்வலத்துக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. அங்கே அமெச்சூர் ஒருவர் உதவலாம். ஒரே முனையில், ஒரே லென்ஸோடு நின்று, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். அலுப்பான வேலை, ஒரு படமும் சுவரில் மாட்டும்படி இருக்காது. ஆனால் பின்னால் கணக்குப் போடுகிறவருக்கு அழகான படத்தைவிட இதுதான் உதவும்.

அழகான படம் என்றதும் 1967 அக்டோபர் 21 நினைவுக்கு வருகிறது. வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனுக்குப் போன ஊர்வலம். துப்பாக்கி ஈட்டிகளுக்கு எதிரே ஒரு பூவை ஏந்தி நிற்கும் பதினேழு வயதுப் பெண்ணை பிரெஞ்சுக்காரர் மார்க் ரிபூ எடுத்தார். அவர் பெரிய தொழில்முறைக் கலைஞர், படமும் அற்புதமான படம். ஆனால் அந்த ஒரு படம் அன்று வந்த மற்ற எல்லோரையும் மறைத்துவிட்டது என்பது என் குறை. வாஷிங்டனில் அன்று பூவோடு வராதவர்கள்தான் அதிகம்.

விவரத்தை விடாமல் எடுத்து வைப்பதன் பலனுக்கு லண்டனிலேயே ஒரு சாட்சி உண்டு. பிரையன் ஹா என்ற தனிமனிதர் 2001 ஜூன் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தார். முதலில் ஈராக் மீதான பொருளாதாரத் தடைகளை எதிர்த்து, பிறகு போரை எதிர்த்து, பத்தாண்டுகள். அவருடைய அட்டைகளும் படங்களும் கொடிகளும் சாலையோரமாக நாற்பது மீட்டருக்கு நீண்டிருந்தன. 2006 மே மாதம் ஓர் இரவில் போலீஸ் வந்து பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விட்டது. நல்லவேளையாக, மார்க் வாலிஞ்சர் என்ற கலைஞர் அதற்கு முன்பே அத்தனையையும் நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்து வைத்திருந்தார். அவற்றைப் பார்த்து, மழையில் நைந்த ஓரம், மங்கிய மை, அழுக்கடைந்த பொம்மை முதற்கொண்டு அறுநூறுக்கு மேற்பட்ட பொருள்களை அப்படியே மறுபடியும் செய்யவைத்து, 2007இல் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் நிறுத்தினார். நாடாளுமன்றத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் போராடக்கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. அந்த எல்லைக்கோடு கலைக்கூடத்துக்குள்ளேயே ஓடுவதாகக் கணக்கிட்டுத் தரையில் கறுப்புக் கோடும் போட்டார். அந்த ஆண்டின் டர்னர் பரிசு அதற்குக் கிடைத்தது. அவர் அமெச்சூர் இல்லைதான். ஆனால் எடுத்த முறை அமெச்சூர் கற்றுக்கொள்ள வேண்டிய முறை: அழகானதைத் தேர்ந்தெடுக்காமல், இருப்பதை எல்லாம் எடுப்பது.

கேமரா வைத்திருப்பவர்கள் அமெச்சூர்கள் மட்டுமல்ல. லண்டன் ஊர்வலங்களில் போலீசும் படம் எடுக்கிறது, அதற்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. 2003 செப்டம்பரில் லண்டன் துறைமுகப் பகுதியில் ஆயுதக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதை எதிர்த்து நடந்த போராட்டத்தைப் படமெடுக்கப் போன பென்னி குயின்டன் என்ற பத்திரிகையாளரைப் பயங்கரவாதச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்கீழ் நிறுத்திச் சோதனை போட்டார்கள். பத்திரிகையாளர் அட்டையைக் காட்டியும் படமெடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். சந்தேகத்துக்குக் காரணம் காட்டாமலே யாரையும் நிறுத்திச் சோதிக்க அந்தப் பிரிவு இடம் கொடுத்தது. அவரும் அதே இடத்தில் சோதிக்கப்பட்ட ஒரு மாணவரும் வழக்கை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2010 ஜனவரியில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. படமெடுக்கும் உரிமை அங்கேயும் சும்மா கிடைத்துவிடவில்லை.

உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லா முகத்தையும் எடுத்து ஊருக்கெல்லாம் காட்டிவிடலாமா? இதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஊர்வலத்துக்கு வந்தது தெரிந்தால் வேலை போகும், குடியுரிமை விண்ணப்பம் சிக்கும், ஊரில் இருக்கும் குடும்பத்துக்குத் தொல்லை வரும் என்று பயப்படுகிறவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். படமெடுப்பவர் கண்ணைப் பார்த்து ஒரு தலையசைப்புக் கேட்கலாம். வேண்டாம் என்று கை காட்டினால் கேமராவைத் தாழ்த்திவிட வேண்டும். பின்னாலிருந்து எடுத்தால் முதுகும் அட்டையும் விழும், முகம் விழாது. முகத்தைக் கணினியே அடையாளம் காணும் இந்தக் காலத்தில், எடுத்த அன்றைக்கே வெளியிட்டாக வேண்டும் என்ற அவசரமும் தேவையில்லை.

அந்த லண்டன் ஊர்வலம் போரை நிறுத்தவில்லை. மார்ச் 18 அன்று நாடாளுமன்றம் 412க்கு 149 என்று போருக்கு வாக்களித்தது. மார்ச் 20 அன்று படையெடுப்பு தொடங்கியது. அப்படியானால் படங்களால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். ஒரு புள்ளிவிவரம் சொல்கிறேன். போர் நடந்த 2003இல் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் பிரிட்டிஷ் மக்களிடம் தொடர்ந்து கேட்டபோது, சராசரியாக 54 சதவீதம் பேர் போர் சரியென்றார்கள். 2015இல் அதே நிறுவனம், அன்று நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டது. சரியென்று நினைத்ததாகச் சொன்னவர்கள் 37 சதவீதம் மட்டுமே. போர் கெட்ட பெயர் வாங்கியதும், நாங்களும் எதிர்த்தவர்கள்தான் என்று பலர் தங்களைத் தாங்களே நம்பவைத்துக்கொண்டார்கள். ஞாபகம் இப்படிக் கட்சி மாறும். தேதி போட்ட படம் மாறாது. அன்று குளிரில் வந்து நின்றவர் யார் என்று அது சொல்லும்.

இது நமக்கும் நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த ஊர்வலத்துக்கு ஆறு வருடம் கழித்து, 2009இல், இலங்கையின் வன்னியில் போரை நிறுத்தச் சொல்லி அதே லண்டன் தெருக்களில் தமிழர்கள் நடந்தார்கள். ஏப்ரல் 11 அன்று மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நாடாளுமன்றச் சதுக்கத்தில், பிரையன் ஹா இருந்த அதே இடத்தில், இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய ஊடகங்கள் எடுத்தது கொஞ்சம். மற்றதெல்லாம் மாணவர்களும் கடைக்காரர்களும் கைப்பையில் குழந்தைக்குப் பால் புட்டி வைத்திருந்த தாய்மார்களும் சிறிய டிஜிட்டல் கேமராவிலும் பழைய செல்போனிலும் எடுத்தவை. அவை இப்போது எங்கே இருக்கின்றன? சார்ஜ் ஏறாத போனில், எடுத்தவருக்கே மறந்துபோன மெமரி கார்டில், அலமாரியில் கிடக்கும் ஹார்ட் டிஸ்கில்.

லண்டனோ டொரண்டோவோ சென்னையோ, ஏதோ ஒரு போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் நீங்கள் படமெடுத்திருந்தால், இந்த வாரம் அவற்றைத் தேடி எடுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, தெருவின் பெயர், எந்தத் திசையில் கூட்டம் போனது, அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். பிலிம் படமாக இருந்தால் பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும். ஆடிப்போன படம், பாதித் தலை வெட்டுப்பட்ட படம் என்று எதையும் அழித்துவிடாதீர்கள். அதன் மூலையில் ஒரு பதாகை இருக்கலாம். பிறகு பக்கத்தில் இருக்கும் நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.